உடுக்குறி போட்ட குட்டித் தேனீ

1960 டிசம்பர் 1ஆம் தேதி சோவியத் ஒன்றியம் ஏவிய விண்கலம் ஒன்றில் இரண்டு நாய்கள் இருந்தன. ஒன்றின் பெயர் ப்ச்சோல்கா, மற்றதன் பெயர் மூஷ்கா. முன்னதற்குக் குட்டித் தேனீ என்று பொருள். பின்னதற்குக் குட்டி ஈ. மூன்றரை மாதங்களுக்கு முன்தான் பெல்கா, ஸ்த்ரெல்கா என்ற இரண்டு நாய்கள் பூமியைச் சுற்றிவிட்டு உயிரோடு இறங்கி உலகப் புகழ் பெற்றிருந்தன. டிசம்பர் நாய்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மறுநாள் திரும்பும் வழியில் கலத்தோடு சேர்ந்து அழிந்துபோயின. விண்வெளி வரலாறு எழுதுபவர்கள் இந்த இரண்டையும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். சொல்லாராய்ச்சி செய்பவனுக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. ஒரே கூண்டில் அடைபட்டிருந்த அந்த இரண்டு பெயர்களுக்குள்ளும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த இரண்டு உயிரொலிகளின் கதை ஒளிந்திருக்கிறது. அங்கே போவதற்கு முன் தேனீயை முதலில் பிடிக்க வேண்டும்.

ரஷ்ய மொழியில் தேனீ 'ப்ச்செலா'. அதோடு 'கா' சேர்ந்தால் ப்ச்சோல்கா. இந்தக் 'கா' ஒரு குறுமை விகுதி. சிறியது என்று காட்டும், செல்லம் கொஞ்சும், சில சமயம் ஒன்றுமே சொல்லாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்லாவிய மொழிக்காரர்களுக்கு இந்த விகுதி இல்லாமல் நாக்கு நகராது. ஒரு சான்று சொல்கிறேன். வால்டெமார் போன்செல்ஸ் என்ற ஜெர்மானியர் மாயா என்ற தேனீயைப் பற்றி 1912இல் ஒரு சிறுவர் நாவல் எழுதினார். ஜெர்மன் தலைப்பில் அவள் வெறும் தேனீ மாயா. அந்த மொழியிலும் குறுமை விகுதிகள் உண்டு, போன்செல்ஸ் அவற்றைத் தொடவில்லை. 1975இல் ஜப்பானில் அது கார்ட்டூன் தொடராகி ஐரோப்பா முழுதும் ஓடியது. போலந்தில் அவள் 'ப்ஷ்ச்சுவ்கா மாயா', செக் நாட்டில் 'வ்ச்செல்கா மாயா', குரோவேஷியாவில் 'ப்ச்செலித்சா மாயா', ஸ்லொவேனியாவில் 'செபேலித்சா மாயா'. எல்லாமே குட்டித் தேனீதான். கரெல் ஸ்வொபொதா இசையமைத்த அந்தத் தொடரின் பாட்டைக் கரெல் கோட் ஜெர்மனிலும் செக்கிலும் பாடினார், போலிஷில் ஸ்பிக்னியெவ் வொதெத்ஸ்கி பாடினார். அவர்கள் காலத்துக் குழந்தைகள் இன்று பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்த மெட்டை முணுமுணுக்கிறார்கள்.

இனி வரிசையாகப் பார்ப்போம். ரஷ்யன் ப்ச்சோல்கா. உக்ரைன் ப்ஜில்கா. போலிஷ் ப்ஷ்ச்சுவ்கா. செக் வ்ச்செல்கா. ஸ்லொவாக் வ்ச்சியெல்கா. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று பார்த்ததும் தெரிகிறது, தாய்தான் ஏட்டில் இல்லை. அந்தத் தாயை மொழியியலாளர்கள் கணக்குப் போட்டு வருவித்து, முன்னால் ஒரு உடுக்குறி இட்டு எழுதுகிறார்கள்: *பிச்செலுக்கா. (ச்ச, க்க என்று நான் இரட்டித்து எழுதுவது 'ச'வையும் 'க'வையும் வன்மையாகப் படிக்க வேண்டும் என்பதற்காக மட்டும், மூலத்தில் இரட்டிப்புக் கிடையாது. முதலில் உள்ள 'பி', 'பஸ்' என்பதில் வரும் பகரம். 'பல்' என்பதில் வருவதல்ல.) உடுக்குறி என்றால், இச்சொல் எழுத்தில் கிடைத்ததல்ல, மீட்டுருவாக்கியது என்று பொருள். இந்த வழக்கத்தை நிலைநிறுத்தியவர் அவுகுஸ்ட் ஷ்லைக்கர் என்ற ஜெர்மானிய மொழியியலாளர். பிராகாவில் பேராசிரியராக இருந்தவர். ஸ்லாவிய மொழிகளைக் காதால் கேட்டுப் பழகியவர். 1868இல், தான் இறந்த அதே ஆண்டில், மீட்டுருவாக்கிய இந்தோ-ஐரோப்பிய மூலமொழியிலேயே ஒரு குட்டி நீதிக்கதை எழுதி வெளியிட்ட துணிச்சல்காரர்.

உடுக்குறியைக் கண்டதும், "சரி, இது ஊகம்" என்று பக்கத்தைத் திருப்புகிறவர்கள் பலர். இந்தத் தேனீயைப் பொறுத்தவரை அது அநியாயம். இதன் நடுவில் இருக்கும் 'லு' என்ற அசையைக் கவனியுங்கள். மேலே சொன்ன ஐந்து மொழிகளில் எதிலும் அந்த உகரம் இல்லை. எல்லாவற்றிலும் 'ல்கா', 'வ்கா' என்றுதான் வருகிறது. இல்லாத உயிரை எந்தத் தைரியத்தில் உள்ளே வைத்தார்கள்?

அந்த உயிரொலிக்கு யெர் என்று பெயர். பழைய ஸ்லாவியத்தில் இரண்டு யெர்கள் இருந்தன. ஒன்று மிகக் குறுகிய உகரம், இன்னொன்று மிகக் குறுகிய இகரம். குற்றியலுகரமும் குற்றியலிகரமும் படித்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. அரை மாத்திரை என்று தொல்காப்பியம் கணக்கிட்ட மாதிரியான ஒலிகள்தாம். மூலமொழியில் முழுசாக இருந்த குற்றுயிர்களான உ, இ இரண்டும் ஸ்லாவியத்தில் தேய்ந்து இப்படிக் குறுகின. 9ஆம் நூற்றாண்டில், 863 வாக்கில் மொராவியாவுக்குப் போன கான்ஸ்டன்டைன், மெத்தோடியஸ் என்ற சகோதரர்கள் ஸ்லாவியத்துக்கு எழுத்து வகுத்தபோது இந்த இரண்டு ஒலிகளும் உயிரோடு இருந்தன; இரண்டுக்கும் தனித்தனி எழுத்து கொடுத்தார்கள். அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் அவை பேச்சிலிருந்து மறைந்தன. எழுத்துகள் மட்டும் தங்கின. ரஷ்ய அரிச்சுவடியில் இன்றும் வன்குறி, மென்குறி என்ற பெயர்களில், சொந்த ஒலி இல்லாத இரண்டு எழுத்துகளாக அவை உட்கார்ந்திருக்கின்றன. மென்குறி பெறாத மெய்யில் முடியும் சொல் ஒவ்வொன்றின் கடைசியிலும் வன்குறி போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 1918 எழுத்துச் சீர்திருத்தம்தான் ஒழித்தது.

மறைந்தன என்று சொன்னேன். எல்லா இடத்திலும் மறையவில்லை. அன்டொனின் ஹாவ்லிக் என்ற செக் அறிஞர் பழைய செக் செய்யுள்களின் அசைகளை எண்ணிப் பார்த்து 1889இல் ஒரு விதி சொன்னார். சொல்லின் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். முதலில் வரும் யெர் வலுவற்றது, விழும். அதற்கு முந்திய யெர் வலுவுள்ளது, முழு உயிராக எழும். அதற்கு முந்தியது மறுபடி விழும். இடையில் முழு உயிர் ஒன்று குறுக்கிட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். யாப்பிலக்கணக்காரன் கையில் அகப்பட்ட ஒலியியல் விதி இது. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு.

*பிச்செலுக்காவில் வைத்துப் பாருங்கள். கடைசியில் முழு உயிரான ஆ. அதற்கு முன் குற்றுகர யெர். முழு உயிருக்கு முந்தி நிற்பதால் வலுவில்லை, விழுந்தது. ல்கா மிஞ்சியது. ஆனால் ரஷ்யனில் ஐந்து குட்டித் தேனீ என்று எண்ணும்போது சொல் ஆறாம் வேற்றுமைப் பன்மைக்குப் போக வேண்டும். அந்த வடிவத்தில் பழைய காலத்தில் கடைசி ஆ கிடையாது. அந்த இடத்தில் இன்னொரு யெர்தான்: *பிச்செலுக்கு. இப்போது பின்னாலிருந்து எண்ணினால், கடைசி யெர் விழுகிறது, 'லு'வில் உள்ள யெர் இரண்டாவதாகி எழுகிறது. ரஷ்யர் இன்று சொல்வது 'பியாத் ப்ச்சோலொக்'. ஒருமையில் இல்லாத 'ஒ' எண்ணிக்கையில் முளைத்துவிட்டது. போலிஷில் 'ப்ஷ்ச்சுவெக்', செக்கில் 'வ்ச்செலெக்', உக்ரைனில் 'ப்ஜிலொக்', ஸ்லொவாக்கில் 'வ்ச்சியெலொக்'. தெருவில் போகிற பிள்ளை எவரையும் ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள், ஆயிரம் ஆண்டுக்கு முன் செத்த உயிரொலி வாயைத் திறக்கும்.

சரி, அது குற்றுகர யெர்தான், குற்றிகர யெர் இல்லை என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் நம் நாய்கள் உதவிக்கு வருகின்றன. மூஷ்காவின் மூலம் 'மூஹா', ஈ. அதன் குறுமை விகுதியில் இருந்தது குற்றிகர யெர். இகரச் சாயல் பட்டதால் 'ஹ்' நெகிழ்ந்து 'ஷ்' ஆனது. ஐந்து குட்டி ஈ என்று எண்ணினால் ரஷ்யனில் 'மூஷெக்' என்று எகரம் வரும். ஐந்து குட்டித் தேனீ என்றால் 'ப்ச்சோலொக்' என்று ஒகரம். ரஷ்யனில் எழுந்து நின்ற குற்றுகர யெர் ஒ ஆகும், குற்றிகர யெர் எ ஆகும். இது அந்த மொழி நெடுக மாறாத நடைமுறை. ஒரே கலத்தில் போன இரண்டு பெயர்கள், ஆளுக்கொரு யெர். பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு தடயம் போலிஷிலும் உக்ரைனிலும் ஸ்லொவாக்கிலும் இருக்கிறது. போலிஷில் தேனீ 'ப்ஷ்ச்சொவா', ஒகரம். குட்டித் தேனீ ப்ஷ்ச்சுவ்கா, உகரம். எழுத்தில் அது மேலே கோடு போட்ட ஓ, ஒலிப்பு உ. அடுத்த அசையிலிருந்த யெர் விழுந்தபோது அதன் மாத்திரையை முந்திய உயிர் வாங்கிக்கொண்டு நீண்டது. நீண்ட ஓ பிற்பாடு உகரமாக உயர்ந்தது. உக்ரைனில் அதே நீட்சி இகரத்தில் போய் முடிந்தது: 'ப்ஜொலா', ஆனால் ப்ஜில்கா. ஸ்லொவாக்கில் 'வ்ச்செலா'வின் எகரம் வ்ச்சியெல்காவில் 'இயெ' என்று இரண்டாகப் பிளந்தது. மூன்று மொழிகளிலும் மூன்று வெவ்வேறு விளைவுகள், காரணம் ஒன்று. (கறாராகப் பார்த்தால், யெர் விழாமல் எழுந்து நிற்கும் ப்ஷ்ச்சுவெக், ப்ஜிலொக் வடிவங்களில் இந்த மாற்றம் வந்திருக்கக் கூடாது. ஒருமையைப் பார்த்துப் பன்மையும் போட்டுக்கொண்டது. மொழிகள் கறாராக இருப்பதில்லை.)

ஆக, 'லு'வுக்குச் சாட்சிகள் நிறைய. 'பி'யின் கதை வேறு. முதலசையில் இருப்பதும் யெர்தான். அதற்கடுத்து எப்போதும் 'செ' என்ற முழு உயிர் நிற்கிறது. எந்த வேற்றுமையில் வைத்தாலும், எந்த விகுதி ஒட்டினாலும் அந்த எகரம் போகாது. ஆகவே முதல் யெருக்கு எழுந்து நிற்கிற வாய்ப்பே கிடைக்கவில்லை. அது இகரமா உகரமா என்று எந்த உயிருள்ள மொழியும் சொல்லவில்லை. இதை வைத்து இரண்டு கட்சிகள் உண்டு. அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதலில், அந்த யெர் விழுந்ததால் நேர்ந்த விபத்தைப் பார்க்கலாம்.

யெர் போனதும் 'ப்', 'ச்' இரண்டும் நேருக்கு நேர் மோதின. முதலில் உள்ளது அதிர்வுள்ள பகரம், அடுத்தது அதிர்வில்லாத சகரம். இரண்டையும் சேர்த்துச் சொல்வது கடினம், சொல்லிப் பாருங்கள். ஸ்லாவியர் ஆளுக்கொரு வழி கண்டார்கள். ரஷ்யர் முன்னதன் அதிர்வைப் பறித்தார்கள். 'பஸ்' பகரம் 'பல்' பகரமானது. உக்ரைனியர் அப்படியே தலைகீழ்: முன்னதைத் தொடாமல் பின்னதற்கு அதிர்வு கொடுத்தார்கள், ச் ஜ் ஆனது, ப்ஜொலா. செக்கும் ஸ்லொவாக்கும் முதலெழுத்தையே வகரமாக மாற்றிக்கொண்டன. போலிஷ்காரர்கள் முதலில் ரஷ்யரைப் போலத்தான் செய்தார்கள். பழைய போலிஷில் 'ப்ச்சொவா' என்றே காண்கிறோம். பிறகு என்ன நினைத்தார்களோ, இருப்பது போதாதென்று நடுவில் ஒரு 'ஷ்' சேர்த்தார்கள். வெளிநாட்டவர் போலிஷ் கற்கும்போது பயந்து ஓடும் சொற்களில் ப்ஷ்ச்சொவாவும் ஒன்று. ஐந்து லத்தீன் எழுத்துகளுக்குப் பிறகுதான் முதல் உயிர் வருகிறது.

ஸ்லொவேனியர் செய்தது எல்லாவற்றிலும் புதுமை. இரண்டு மெய்களையும் இடம் மாற்றிவிட்டார்கள். ப்-ச் ச்-ப் ஆனது, பிறகு இடையில் ஒரு எகரம் செருகப்பட்டது, செபேலா. இது நமக்கு அந்நியமான வித்தை இல்லை. தேனீ, வண்டினத்தைக் குறிக்கும் நம் சொல் ஒன்றுக்கே இது நேர்ந்திருக்கிறது: ஞிமிறு, மிஞிறு. இலக்கண உரைகளில் எழுத்து நிலைமாற்றத்துக்கு இதையே எடுத்துக்காட்டாகத் தருவார்கள். வண்டு பறக்கிற வேகத்தில் எழுத்துகள் இடம் மாறுவது இரண்டு நாட்டிலும் நடந்திருக்கிறது.

ஸ்லொவேனியாவில் இந்தச் சொல்லுக்கு ஓர் இலக்கிய வாழ்க்கையும் அமைந்தது. 1830இல் லியூப்லியானாவிலிருந்து 'க்ரைன்ஸ்கா ச்பேலித்சா' என்ற கவிதைத் தொகுப்பிதழ் வெளிவந்தது. கார்னியோலா நாட்டுக் குட்டித் தேனீ என்று பொருள். ஸ்லொவேனியக் கவிதைக்கு வந்த முதல் ஆண்டுமலர்களில் அது ஒன்று. நூலகத்தில் வேலை பார்த்த மிஹா கஸ்தெலித்ஸ் பதிப்பாசிரியர். பின்னால் நின்று வழிநடத்தியவர் பன்மொழி அறிஞர் மத்தியா சோப். அதில் எழுதியவர்களில் ஒருவர் பிரான்ஸ் ப்ரெஷெரென், இன்று அந்த நாட்டின் தேசியக் கவி. பெயரில் உள்ள ச்பே என்ற மெய்ம்மயக்கத்தைக் கவனியுங்கள். மெய்கள் இடம் மாறிவிட்டன, எகரம் இன்னும் செருகப்படவில்லை. பாதி வழியில் நின்ற சொல்லை அட்டையில் பிடித்து வைத்திருக்கிறது அந்த இதழ்.

அட்டையில் இன்னொன்றும் உண்டு. அப்போது ஸ்லொவேனியர் எழுதியது, 1584இல் இலக்கணம் எழுதிய ஆதம் போஹொரிச்சின் பெயரால் வழங்கிய எழுத்துமுறை. அதில் 'ச்' ஒலிக்கு இசட்டும் எச்சும் சேர்த்து இரண்டு எழுத்து. 'த்ஸ்' ஒலிக்குத் தனி இசட். ஆகவே ச்பேலித்சா என்ற சொல் முதலிலும் முடிவிலும் இசட் தாங்கி, இன்றைய ஸ்லொவேனியரே ஒரு கணம் தடுமாறுகிற தோற்றத்தில் அச்சாகியிருந்தது. இந்த இரட்டை எழுத்துத் தொல்லையை ஒழிக்க ஃபிரான்ஸ் மெதெல்கோ என்பவர் புது எழுத்துகளை வரைந்து 1825இல் கொண்டுவந்திருந்தார். சோப் அதை எதிர்த்தார். 1833இல் மூண்ட சண்டைக்கு அரிச்சுவடிப் போர் என்றே பெயர். ப்ரெஷெரெனும் மெதெல்கோ எழுத்தைக் கிண்டலடித்துக் கவிதை எழுதினார். அந்த எழுத்து பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டது. போஹொரிச் எழுத்தும் நீடிக்கவில்லை. 1840களில் குரோவேஷியாவின் லியுதெவித் காய் வகுத்த முறை வந்து நிலைத்தது. சோப் அதைப் பார்க்க இல்லை. 1835இல் சாவா ஆற்றில் குளிக்கப் போனவர் மூழ்கி இறந்தார்.

தெற்கு ஸ்லாவியரின் குட்டித் தேனீயில் 'கா' இல்லை, 'இத்சா' இருக்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேறு விகுதி, வேலை ஒன்றே. பல்கேரியர் இரண்டும் வேண்டும் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி 'ப்ச்செலிச்கா' என்கிறார்கள். ரஷ்யரும் சளைத்தவர்கள் அல்ல. ப்ச்சோல்காவும் போதாமல் ப்ச்சோலொச்கா. இந்த அடுக்கலுக்குக் காரணம் உண்டு. குறுமை விகுதி நாள்பட நாள்படத் தேய்ந்து, குறுமையே தெரியாமல் போய்விடும். கொஞ்ச விரும்புகிறவர் புதிதாக ஒன்று ஒட்டியாக வேண்டும். ஸ்லாவிய மொழிகளில் சூரியன், இதயம், ஆடு, தந்தை ஆகியவற்றுக்கான சொற்கள் எல்லாமே ஆதியில் குறுமைச் சொற்கள். சூரியனைக் 'குட்டிச் சூரியன்' என்று யாரோ ஒரு காலத்தில் கொஞ்சியிருக்கிறார்கள்; இன்று அதுவே வானியல் பாடநூல் சொல். லத்தீன் வழிவந்த பிரெஞ்சிலும் இதே கதை: சூரியனும் குட்டிச் சூரியன்தான், காதும் குட்டிக் காதுதான். 'அபிஸ்' என்ற லத்தீன் தேனீ 'அபிகுலா' என்று சிறுத்து, பிரெஞ்சில் 'அபெய்', ஸ்பானியத்தில் 'அபெஹா' ஆனது. அவற்றைச் சொல்கிற எவருக்கும் குட்டி என்ற நினைப்பு வருவதில்லை.

*பிச்செலா என்ற அடிச்சொல்லிலேயே, கடைசியில் உள்ள 'எலா' ஒரு பழைய குறுமை விகுதியாக இருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு. அப்படியானால் *பிச்செலுக்கா இரண்டு முறை சிறுத்த தேனீ.

இந்தக் கொஞ்சலுக்குப் பின்னால் பெரிய பொருளாதாரம் இருந்தது. கரும்பு வராத வடகாட்டு நாடுகளில் இனிப்பு என்றால் தேன். கோயில் விளக்கு என்றால் தேன்மெழுகு. காட்டில் உயிரோடு நிற்கும் பெரிய பைன் மரத்தின் தண்டில் உயரத்தில் பொந்து குடைந்து, தேனீயை அதில் குடியேற்றுவார்கள். கயிறு கட்டி ஏறித்தான் தேன் எடுக்க வேண்டும். அந்தப் பொந்துக்கு ரஷ்யனில் 'போர்த்', போலிஷில் 'பார்ச்'. மரத்தில் உரிமையாளன் தன் குறியைக் கோடரியால் வெட்டி வைப்பான். கீவ் நாட்டின் பழைய சட்டத் தொகுப்பான 'ரூஸ்கயா ப்ராவ்தா'வில் இதற்குத் தண்டங்கள் இருக்கின்றன: இளவரசனின் தேன்மரத்தை எரித்தாலோ கொள்ளையிட்டாலோ 3 கிரிவ்னா. பின்னால் விரிவாக்கிய பதிப்பில், மரத்திலுள்ள குறியை அழித்தால் 12 கிரிவ்னா. தேனைத் திருடுவதைவிடப் பட்டாவைத் திருத்துவது பெரிய குற்றம் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. போலந்திலும் பெலாரஸிலும் இந்த மரத் தேனீ வளர்ப்பு இன்னும் பிழைத்திருக்கிறது. 2020இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

போலிஷில் விலங்கு செத்தால் ஒரு வினை, மனிதர் இறந்தால் வேறு வினை. நாய், மாடு, குதிரை எல்லாம் முன்னதில் அடங்கும். தேனீக்கு மட்டும் மனித வினை. தேனீ சாகாது, இறக்கும். அண்டை மொழியான லித்துவேனியனில் தேனீ 'பிதெ'; நண்பன் 'பிச்சூலிஸ்'. முன்னதிலிருந்து வந்தது பின்னது. தேன்கூட்டைப் பங்கு வைத்துக்கொண்டவர்கள் நண்பர்கள்.

இவ்வளவுக்கும் ஸ்லாவியத் தேனீயின் பெயரில் தேன் இல்லை. நம் சொல்லைப் போல அது தேனை முன்னால் கட்டிக்கொண்டு வரவில்லை. அவர்களுடைய தேன் 'மெத்'. வடமொழி 'மது'வின் உடன்பிறப்பு, அந்த மது நம் வீட்டுக்கும் வந்தது. அந்த மெத் தேனீயை விட்டுவிட்டுக் கரடியின் பெயரில் போய் உட்கார்ந்திருக்கிறது: ரஷ்யனில் 'மெத்வியேத்', தேன்தின்னி. கரடிக்கு இருந்த பழைய பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்ற அச்சத்தில் பெயரையே மறைத்துக் காரணப் பெயர் வைத்தார்கள் என்பது பெரும்பாலோர் கருத்து. பிற்காலத்தவர் அதைத் 'தேன் அறிந்தவன்' என்று திரித்துப் புரிந்துகொண்டார்கள்.

தேன் இல்லையென்றால் தேனீயின் பெயரில் இருப்பது என்ன? இங்கே வருகிறது அந்த முதல் யெர்.

குற்றுகரம் என்பவர்களின் கட்சி இது: மூலம் *புச்செலா, முழங்கு, ரீங்கரி என்று பொருள்படும் 'புச்' அடி, காளைக்கு ரஷ்யனில் வழங்கும் 'பிக்' என்ற சொல்லும் அதே அடியில் பிறந்தது. காளை உறுமுவது, தேனீ ரீங்கரிப்பது. செத்த காளையின் உடலிலிருந்து தேனீ பிறக்கும் என்று கிரேக்கரும் ரோமரும் நம்பினார்கள், வெர்ஜில் தன் வேளாண்மைக் காவியத்தில் அதை விரிவாகவே பாடினார்; இதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை, இருந்தாலும் படிக்கும்போது சிரிப்பு வருகிறது.

குற்றிகரம் என்பவர்களின் கட்சி: மூலம் *பிச்செலா; சுற்றுவட்டாரம் முழுதும் தேனீ 'பி' என்றே தொடங்குகிறது. லித்துவேனியன் பிதெ, லாட்வியன் பிதெ, மறைந்த பிரஷ்யனில் பித்தெ, ஜெர்மன் பீனெ, ஆங்கிலம் பீ. பழைய ஐரிஷில் 'பெஹ்', அதன் இறுதியில் உள்ளது பழைய ககரம். ஸ்லாவியச் சகரமும் எகரத்தின் முன் நெகிழ்ந்த ககரமே, கன்னடக் 'கிவி' தமிழில் 'செவி' ஆன மாதிரி. ஐரிஷும் ஸ்லாவியமும் ஒரே 'பிக்' அடியில் பொருந்துகின்றன.

கையெழுத்துச் சுவடிகளைக் கேட்கலாமே என்றால், அவை இரண்டு பக்கமும் சாட்சி சொல்கின்றன. பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் இச்சொல் இகர யெரோடும் கிடைக்கிறது, உகர யெரோடும் கிடைக்கிறது. பகைவர் தேனீக்கூட்டம் போல் சூழ்ந்ததாகச் சொல்லும் 118ஆம் சங்கீதத்தைப் படியெடுத்தவர் ஒவ்வொருவரும் அந்த இடத்தில் ஒரு யெரைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. 11ஆம் நூற்றாண்டில் வலுவற்ற யெர்கள் வாயிலிருந்தே போய்விட்டன. காதில் விழாத எழுத்தை எப்படிச் சரியாக எழுதுவது? சுவடியை வைத்து இதை முடிக்க இயலாது.

நான் குற்றிகரக் கட்சி. ஸ்லாவியத்துக்கு மிக நெருங்கிய உறவு பால்டிக் மொழிகள்தாம். அவை உட்பட இத்தனை உறவினரும் பகரமும் இகரமுமாகத் தேனீயைப் பிடித்து வைத்திருக்கும்போது, ஸ்லாவியர் மட்டும் அதைத் தொலைத்துவிட்டு, ரீங்காரத்திலிருந்து புதிதாக ஒன்று செய்து, அதுவும் தற்செயலாகப் பகரத்தில் தொடங்கியது என்று நம்பச் சொல்வது அதிகம். உகர யெர் எழுதிய படியெடுப்பாளரையும் குறை சொல்ல மாட்டேன். காதருகே தேனீ சுற்றும்போது பழைய 'பி' அவர்களுக்குப் 'பு' என்று கேட்டிருக்கலாம். ரீங்கரிக்கும் வினை அதைத் தன் பக்கம் இழுத்திருக்கலாம். அப்படி இழுபட்ட சொற்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. இதற்கு மேல் அந்த முதல் யெரைப் பற்றிச் சொல்ல, அதை எழுப்பி நிறுத்தும் வடிவம் ஒன்று வேண்டும். அதற்கடுத்த எகரம் நிற்கும் வரை அப்படி ஒரு வடிவம் கிடைக்காது. அகராதிகள் இரண்டு மூலங்களையும் நடுவில் ஒரு சாய்கோடு இட்டு அச்சிடுகின்றன, இரண்டுக்கும் முன்னால் உடுக்குறி போட்டு.